தெரியாத ஆளுக்குப் பதில் கிடையாது

நாகர்கோவில்தான் சார். வடசேரி பஸ் ஸ்டாண்டு. ஏன் கேக்குறீங்க? சும்மாவா? சும்மா கேக்குறவங்ககிட்டதான் சார் ரொம்பக் கவனமா இருக்கணும். தப்பா எடுத்துக்கிடாதீங்க. பையை மேல வைக்கவேண்டாம், மடியிலயே இருக்கட்டும். உள்ள ஒண்ணுமில்ல, கொஞ்சம் பேரீச்சம்பழம், ஒரு சின்னப் போர்வை. ஒண்ணுமில்லாட்டியும் மடியில இருக்குறது மடியில இருக்குறதுதான்.

பேரா? பேரு எதுக்கு சார்? சரி, கனகவேல். ஊரு சிவகாசி. பாத்தீங்களா, ரெண்டையும் வாங்கிட்டீங்க. நீங்க யாரு, வாத்தியாரா? எந்த ஸ்கூலு? இல்ல, சும்மாதான் கேட்டேன்.

நான் யார்கிட்டயும் பேசுற ஆளு இல்ல. பிரஸ்ல கேட்டுப் பாருங்க, கனகவேல் அண்ணாச்சி வாயில இருந்து ஒரு வார்த்தை வாங்க முடியாதும்பாங்க. ஆனா இன்னைக்கு மனசு சரியில்ல. தெரிஞ்சவன்கிட்டச் சொன்னா அவன் இன்னொருத்தன்கிட்டச் சொல்லுவான். நீங்க வடசேரில எறங்கி உங்க வழியப் பாத்துப் போயிருவீங்க. அதனால சொல்றேன்.

காலண்டர் அடிக்கிற பிரஸ் சார். உங்க வீட்டுச் சுவத்துல தொங்குதுல்ல, சாமி படம் போட்டு அடியில ஜவுளிக்கடை பேரும் போன் நம்பரும் போட்டு, அதுதான். எனக்கு மிஷின்ல வேலை இல்ல. நான் சர்வர் ரூமு. ஏசி போட்ட சின்ன ரூமு, உள்ள ரெண்டு பொட்டி. சாவி என்கிட்ட மட்டும். மொதலாளி உள்ள வரணும்னாலும் என்னைக் கேட்டுத்தான் வரணும். அவருகிட்டயே ஒரு தடவ எதுக்கு வந்தீங்கன்னு கேட்டுட்டேன். சிரிச்சாரு. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கல.

வேலை என்னன்னா, காலண்டர் அடிக்கிறதுக்கு முன்னாடி கடைக்காரருக்கு மாதிரி காட்டணும். ப்ரூஃப்ம்போம். படம் சரியா, கடை பேரு சரியா, நம்பர் சரியான்னு அவரு பாத்து ஓகே சொன்னாத்தான் மிஷின் ஓடும். முந்தி ஆள் கொண்டுபோயிக் காட்டிட்டு வருவாங்க. இப்ப நம்ம சர்வர்ல போட்டுருவோம், அவரு கடையில உக்காந்தே எறக்கிப் பாத்துக்கிடுவாரு. ஆடிப்பெருக்கு அன்னைக்கு மாதிரிப் படமெல்லாம் சேத்துப் புது ஆல்பம் போட்டோம்னா, கார்த்திகை வரைக்கும் அந்தப் பொட்டிக்கு மூச்சு விட நேரமிருக்காது. எனக்கும்தான்.

போன வருசம் என்ன ஆச்சுன்னா, நாங்க போட்ட முருகன் படம், மயிலு தோகையை இடது பக்கம் விரிச்சு நிக்கும், அதே மயிலு, அதே இடது பக்கம், பக்கத்துத் தெரு பிரஸ் ஆல்பத்துலயும் வந்துருச்சு. எப்படி வரும்? யோசிங்க. ரெண்டு பேரும் ஒரே ஓவியர்கிட்டதான் படம் வாங்குறோம், அது வேற விசயம். ஆனா எனக்குச் சுருக்குன்னுச்சு. எங்கேயோ ஓட்டை இருக்குன்னு தோணிருச்சு.

அந்த சர்வர்ல யாரு வந்தாங்க போனாங்கன்னு வரிசையா பதிவாகும். உக்காந்து பாக்குறேன், ஊரு பேரு தெரியாத மிஷினெல்லாம் வந்து தட்டிட்டுப் போகுது. ‘இருக்கியா, இருக்கியா’ன்னு. அதுக்கு நம்ம சர்வரும் ‘இருக்கேன், இருக்கேன்’னு பதில் சொல்லிக்கிட்டு இருக்கு. ராத்திரி தெருவுல போறவன் நம்ம கதவத் தட்டி ஆளு இருக்கான்னு கேட்டா, இருக்கேன்னு சொல்லுவீங்களா?

வாசக்காவல் மாதிரி ஒண்ணு இருக்கு சார், ஃபயர்வால்ம்பாங்க. சீசன் முடிஞ்சதும் அதுல போயி அடைச்சேன். அந்த மாதிரி ஒத்தைவரித் தகவலு, கேள்வி, குசலம், என்னவா இருந்தாலும் வெளிய இருந்து வந்தா உள்ள விடாதேன்னு மொத்தமா அடைச்சேன். அடைக்கிறதுலயும் ரெண்டு விதம் இருக்கு. ‘உனக்கு அனுமதி இல்ல, போ’ன்னு சொல்லி அனுப்புறது ஒண்ணு. ஒண்ணுமே சொல்லாம விட்டுறது இன்னொண்ணு. நான் ரெண்டாவதப் போட்டேன். இல்லன்னு சொல்றதும் ஒரு பதில்தான சார்? பதிலே சொல்லாத. தட்டுறவன் தட்டித் தட்டி, இங்க ஆளே இல்ல போலன்னு போயிருவான்.

இதத்தான் என் மகளுக்கும் சொல்லி வளத்தேன். பொன்மலர்னு பேரு. ஒரே மக. தெரியாத நம்பர்ல இருந்து போன் வந்தா எடுக்காத. எடுத்து ராங் நம்பர்னுகூடச் சொல்லாத. பிடிக்காதவன் கூப்பிட்டா சண்டை போடாத, பேசாம பிளாக் பண்ணிட்டு உன் வேலையப் பாரு. அப்படியே கேட்டுக்கிடுவா. அவ அம்மா ராஜகனிதான் சொன்னாக் கேக்க மாட்டா. யாரு கூப்பிட்டாலும் எடுத்து, நல்லா இருக்கீங்களான்னு கேட்டுட்டு, அப்புறம்தான் யாருன்னே கேப்பா. அதனால அவ போன வாங்கி பீரோவுல வச்சுப் பூட்டிட்டேன்.

இந்த வருசம் சீசன் தொடங்கி ஆவணி பாதிக்குள்ள கோளாறு வந்துருச்சு. சிவகாசிக்குள்ள ப்ரூஃப் போகுது, மதுரைக்குப் போகுது, திருச்சிக்குப் போகுது. நாகர்கோவில், மார்த்தாண்டம், அந்தப் பக்கம் போகல. கடைக்காரரு நம்ம பக்கத்தத் தொறந்தா பேரு வருது, பாஸ்வேர்டு கேக்குது, குட்டிப் படம்கூட வருது. பெரிய படத்த எறக்கப் போனா வட்டம் சுத்திக்கிட்டே நிக்குது. சுத்திக்கிட்டே நிக்குது சார், விடிய விடிய.

அந்தப் பக்கத்துக் கடையில ஆர்டர் எடுக்குற லைனுக்கு எங்க பிரஸ்ல யாரு ஆளு? லிங்கதுரை. லிங்கதுரை யாரு? என் மருமகன். மலரக் கட்டிக் குடுத்ததே அவனுக்குத்தான். நாந்தான் பாத்து, விசாரிச்சு, அவங்க தெருவுல மூணு கடையில டீ குடிச்சு விசாரிச்சுக் குடுத்தேன்.

இப்ப யோசிங்க. தமிழ்நாடு பூரா போகுது, அவன் பாக்குற கடைக்கு மட்டும் போகல. அவன் என்ன செய்றான்? ‘பரவாயில்ல மாமா, நான் நேர்ல காட்டிட்டு வந்துருதேன்’னு பென்டிரைவ்ல ப்ரூஃப ஏத்திக்கிட்டு பஸ் ஏறுறான். வாரத்துக்கு நாலு நாளு. முகத்துல ஒரு சலிப்பு இருக்கணும்ல? இல்ல. சிரிச்சுக்கிட்டே போறான். பிரஸ்ஸோட படமெல்லாம் அவன் சட்டைப் பையில ஊரு சுத்துது. எனக்குத் தூக்கம் போச்சு.

மொதலாளிகிட்டச் சொன்னேன். சொந்த மருமகனாச்சேன்னு நான் பாக்கல. அவரு ‘அண்ணாச்சி, நல்ல பையன் அவன், கேட்டுப் பாருங்களேன்’னாரு. கேட்டா சொல்லுவானா? ஒருநாள் அவன் கெளம்புற நேரம் பாத்து வாசல் கேட்டுல நிறுத்திப் பையத் தொறக்கச் சொன்னேன். பைண்டிங் செக்‌ஷன் பொம்பளைங்க எல்லாம் சாப்பாட்டு நேரம், பாத்துக்கிட்டு நிக்காங்க. பென்டிரைவ் இருந்துச்சு. இருக்கும்ல. ஆர்டர் தாளு இருந்துச்சு. அடியில தூக்குச்சட்டி. அதையும் தொறன்னேன்.

புளிச்சோறும் உருளைக்கெழங்கும் சார். மலரு கட்டிக் குடுத்தது. எனக்குப் பிடிக்கும்னு அவ புளிச்சோத்துல கடலைய நெறையப் போடுவா. அதே மாதிரி போட்டுருந்தா. நான் கரண்டிய விட்டுக் கிண்டிப் பாத்தேன். பாக்கணும்ல? பாதிக் கெணறு தாண்டுறதா?

அவன் கத்தல. ‘ஒரு வார்த்தை கேட்டுருக்கலாம்லா மாமா’ன்னான், மூடியப் போட்டு மூடுனான், போயிட்டான். மறுநாள் வேலைக்கு வரல. அந்த வாரமே ரெண்டு பேரும் சாமானை ஏத்திக்கிட்டு அவன் ஊரு நாகர்கோவிலுக்குப் போயிட்டாங்க. மலருக்கு அப்ப ஏழு மாசம். வாசல்ல நின்னு ஒண்ணுதான் சொன்னா. ‘அப்பா, உங்ககிட்ட யாரும் எதையும் சொல்ல முடியாதுப்பா.’ அவ்வளவுதான். சரியாத்தான சொன்னா? சொல்ல முடியாதுதான். அப்படித்தான நான் வச்சுருக்கேன்.

தலைப்பிரசவம் சார். அம்மா வீட்டுலதான் பாக்கணும். ரூமுக்கு வெள்ளையடிச்சு வச்சேன், ஃபேன் மாத்தினேன். வரல. ராஜகனி ரெண்டு நாள் அழுதா, மூணாவது நாள் ஒரு பையத் தூக்கிக்கிட்டு அவ மகளப் பாக்க அவ போயிட்டா. நான் தனியா இருக்கேன். ஓட்டல் சாப்பாடு. அத விடுங்க.

அவன் போன பிறகாவது ஃபைலு போகணுமா இல்லியா? போகல. அப்பதான் எனக்கு உறுதியாச்சு. போகும்போது உள்ள எதையோ வச்சுட்டுப் போயிட்டான்.

மொதலாளி, நெட்டு லைன் குடுக்குற கம்பெனிக்குச் சொல்லி ஒரு புள்ளைய வரவழைச்சாரு. பெனசிர்னு பேரு. கடையநல்லூர்ப் புள்ள, இஞ்சினியரு. சர்வர் ரூம் வாசல்ல வச்சே லேப்டாப்பத் தொறந்துச்சு, நான் உள்ள விடல. ஒரு சின்ன ஃபைல அனுப்பிச்சு, போச்சு. பெரிய ஃபைல அனுப்பிச்சு, நின்னுச்சு. பாத்தீங்களா, பெருசுதான் நிக்குது. திருடன் பெருசத்தான சார் எடுப்பான்?

‘திருட்டெல்லாம் இல்ல சார். உங்க ஃபைலத் துண்டு துண்டா வெட்டித்தான் சர்வர் அனுப்பும். நாகர்கோவில் பக்கம் போற வழியில ஒரு எடம் குறுகலா இருக்கு. பெரிய துண்டு அதுக்குள்ள நுழையாது. அந்த எடத்துல இருக்குற மிஷின், பெருசா இருக்கு, சின்னதா வெட்டி அனுப்புன்னு உங்களுக்குத் திருப்பித் தகவல் சொல்லுது. நீங்க அந்தத் தகவலையும் சேத்து அடைச்சு வச்சுருக்கீங்க. சர்வருக்கு விசயமே தெரியாம அதே பெரிய துண்டத் திருப்பித் திருப்பி அனுப்பிக்கிட்டு நிக்குது’ன்னுச்சு.

‘அந்த மிஷின் யாருது?’ன்னு கேட்டேன்.

‘தெரியாது சார். வழியில இருக்குற ஏதோ ஒரு மிஷின்.’

‘தெரியாத ஒருத்தன் சொல்றத நான் எதுக்கும்மா கேக்கணும்?’

அதுக்கு அந்தப் புள்ள என்ன சொல்லுச்சு தெரியுமா? ‘நெட்டே அப்படித்தான் சார் ஓடுது. முன்னப்பின்னத் தெரியாத மிஷினெல்லாம் ஒண்ணுக்கொண்ணு ஒழுங்காத் தகவல் சொல்லிக்கிடுது, அதனாலதான் ஓடுது. அதுக்கு உலகம் பூரா சேந்து முறை எழுதி வச்சுருக்காங்க. சர்வர் வச்சுருக்குற ஒவ்வொருத்தரும் அதப் பாத்து நடக்கணும்.’

நான் கையெழுத்துப் போட்டேனா அந்த முறைக்கு? ‘மீறுனா யாரு பிடிப்பா?’ன்னேன். ‘யாரும் பிடிக்க மாட்டாங்க சார். உங்க ஃபைல் போய்ச் சேராது, அவ்வளவுதான்’ன்னுச்சு. போலீசு இல்லாத சட்டம் என்ன சட்டம்? அப்புறம் நைசா வருது, ‘எல்லாத்தையும் தொறக்கச் சொல்லல சார், இந்த ஒரு வகைத் தகவல மட்டும் உள்ள விடுங்க’ன்னு. கதவக் கொஞ்சமாத் தொறன்னு சொல்றது யாரு சார்? யோசிங்க. முடியாதுன்னேன். எவ்வளவு நேரம் நின்னாலும் அதுதான் பதிலுன்னு நான் போயி ரூமப் பூட்டிக்கிட்டேன். அந்தப் புள்ள மொதலாளி ரூமுல ரொம்ப நேரம் பேசிக்கிட்டு இருந்துச்சு. என்ன பேசிருக்கும்?

நேத்து மொதலாளி கூப்பிட்டாரு. காபி சொன்னாரு. அவரு காபி சொன்னாலே எனக்குச் சந்தேகம். ‘அண்ணாச்சி, மகளுக்குப் பேறுகாலம்னு சொன்னாங்க. போயிக் கொஞ்ச நாள் இருந்துட்டு வாங்க. பாஸ்வேர்ட மட்டும் குடுத்துட்டுப் போங்க.’ எழுதிக் குடுத்துட்டேன் சார். இருபது வருசமா அந்தப் பொட்டிய நான் வேற ஒருத்தன் தொட விட்டதில்ல.

அதான் கெளம்பிட்டேன். இப்ப திருநவேலியில பஸ் நின்னப்போ ஒரு போன் பேசினேன் பாத்தீங்களா, பிரஸ்ல பிளேட் போடுற முத்துக்கருப்பன். எல்லா ப்ரூஃபும் போயிருச்சாம். நாகர்கோவில், மார்த்தாண்டம், களியக்காவிளை வரைக்கும். காலையில பெனசிரு வந்துச்சாம், அஞ்சு நிமிசம் உக்காந்துச்சாம், போயிருச்சாம். இத்தன நாள் போகாதது நான் ஊரத் தாண்டுன அன்னைக்கே எப்படி சார் போகும்? நான் எப்ப எந்திரிப்பேன்னு காத்துக்கிட்டு இருந்துருக்காங்க.

என்ன சார் அப்படிப் பாக்குறீங்க? அந்தப் புள்ள சொன்னது சரியா இருக்குமோன்னா? நீங்க வாத்தியாருன்னு சொன்னீங்க. கம்ப்யூட்டர் வாத்தியாரா? தமிழா. ம்.

சரி, இருந்துட்டுப் போகட்டும். இப்ப எனக்கு அது இல்ல கவலை. மக இப்ப இருக்குறது புது வாடகை வீடாம், எங்கன்னு தெரியாது. வடசேரில எறங்கிக் கேட்டுப் போகணும். அவளக் கூப்பிட்டா ஒரு ரிங்கு போகுது, கட்டாயிருது. எப்பக் கூப்பிட்டாலும் அதே ஒரு ரிங்கு. லைன் கோளாறு. ஆமா சார், கோளாறுதான். அவ எதுக்கு என்னை...

மருமகன் நம்பரா? அன்னைக்கே அழிச்சுட்டேன்.

இந்தப் பக்கம் பூரா மோசடிக்காரன் சார். முந்தாநாள் சாயங்காலத்துல இருந்து எனக்கே ஒரு நம்பர் வந்துக்கிட்டு இருந்துச்சு. பூஜ்யம் நாலு ஆறு அஞ்சு ரெண்டுன்னு ஆரம்பிக்குது, நாகர்கோவில் லேண்ட்லைனு. இந்தக் காலத்துல லேண்ட்லைன்ல இருந்து யாரு சார் பேசுறா? பேங்கு, ஆஸ்பத்திரி, இல்லன்னா ஏமாத்துறவன். பேங்குல நமக்கு என்ன கெடக்கு? எடுக்கவே இல்ல. விட்டு விட்டு அடிச்சான். லிஸ்ட்டுல இருந்தும் அழிச்சுட்டேன், கண்ணுல பட்டுக்கிட்டே இருந்தா கை சும்மா இருக்காது.

ஏன் சார்? என்ன சொல்றீங்க?

ஆஸ்பத்திரியா?

இல்ல சார். அவளுக்கு இன்னும் நாளிருக்கு. ஐப்பசி கடைசின்னுதான் சொன்னாங்க. ராஜகனி கூட இருக்கா. ஏதாவது ஒண்ணுன்னா அவ உடனே கூப்பிட்டுருவா. என் நம்பர் அவளுக்கு மனப்பாடம். அவ போன்ல இருந்து...

அவ போனு பீரோவுல இருக்கு.

அந்த சன்னலக் கொஞ்சம் தொறங்க சார். காத்து வரட்டும். ஆரல்வாய்மொழி வந்துருச்சா? கரண்டு எடுக்குற காத்தாடி தெரியுது. இன்னும் அரை மணி நேரம் ஆகுமா? டிரைவரு ஏன் இப்படி உருட்டுறாரு.

சார், ஒரு உதவி. உங்க போன்ல இருந்து மக நம்பரப் போடுறீங்களா? என் போன்ல ரிங்கு போக மாட்டேங்குது. சொல்றேன், போடுங்க. ஆமா. ஆமா, கடைசி ஏழு. போகுதா? ரிங்கு போகுதா? முழுசாப் போகுதா? அப்ப லைன் நல்லாத்தான் இருக்கு.

எடுக்கலியா.

இன்னொரு தடவ போடுங்க சார். எடுக்க மாட்டா சார் அவ. தெரியாத நம்பர் பாருங்க. சின்னதுல இருந்து பழக்கிட்டேன். எத்தன தடவ அடிச்சாலும் எடுக்க மாட்டா. சொன்னாச் சொன்னபடி கேக்குற புள்ள சார், என் புள்ள.

மெசேஜு போடலாமா? என்னன்னு போட? அப்பான்னு போட்டா நம்புவாளா? அப்பான்னு யாரு வேணும்னாலும் போடலாம்ல. நானா இருந்தா நம்ப மாட்டேன். போடுங்க, பரவாயில்ல. ‘அப்பா. வடசேரி பஸ் ஸ்டாண்டுல நிக்கேன். எங்க வரணும்’னு போடுங்க. புளிச்சோத்தப் பத்தி ஒரு வார்த்தை... வேண்டாம். அது வேண்டாம். அவ்வளவுதான் போடுங்க.

வந்துருச்சா? வடசேரியா? பையக் கவனிச்சுக்கிடுங்க, உங்க குடைய விட்டுட்டீங்க. நீங்க எந்தப் பக்கம்? பார்வதிபுரமா. போங்க, உங்கள எதுக்கு நிறுத்திவைக்க. நான் இங்க இந்த டீக்கடை பெஞ்சுல உக்காந்துருக்கேன். ஆனா சார், அவ பாத்துட்டுத் திருப்பிக் கூப்பிட்டா உங்களுக்குத்தான வரும். என் நம்பரக் குறிச்சுக்கிடுங்க. இது என் முழுப் பேரு, கனகவேல், இது ஊரு, எல்லாம் எழுதிக்கிடுங்க. நாகர்கோவில் நம்பரு எது வந்தாலும் சரி சார். லேண்ட்லைனு வந்தாலும் சரி. யாருன்னே தெரியலன்னாலும் எடுங்க சார், விட்டுறாதீங்க.